கணையப் புற்றுநோயின் முன்குறிகளும் முந்தைய படங்களும்: சென்னை ஆய்வு மரபிலிருந்து திருவாலங்காடு வரை ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

கணையப் புற்றுநோய் பெரும்பாலும் முற்றிய நிலையிலேயே கண்டறியப்படுகிறது. ஆயினும் நோய் உறுதிசெய்யப்படுவதற்குப் பல மாதங்களுக்கு முன்னர் வேறு காரணங்களுக்காக எடுக்கப்பட்ட படங்களில் அதன் குறிகள் பதிந்திருந்தமையைக் கடந்த இருபதாண்டுக்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. இவ்வாய்வுகளின் வேர்களுள் ஒன்று தென்னிந்தியாவில், குறிப்பாகச் சென்னையின் நீரிழிவு மற்றும் இரைப்பைக் குடலியல் ஆய்வு மரபில் உள்ளது. எக்ஸ்-கதிர்ப் படத்தில் தெரிந்த கணையக் கல்லிலிருந்து சி.டி. படத்தில் தெரியும் நாள விரிவு வரையிலான வளர்ச்சியை இக்கட்டுரை கால வரிசையில் ஆராய்கிறது. முன்குறி என்பது தனியொரு படத்தின் பண்பு அன்று. யாரைப் படம் எடுப்பது என்னும் தேர்வாலும், முந்தைய படத்தோடு ஒப்பிடும் வாய்ப்பாலும் உருவாவது என்பது இதன் கருத்து. அவ்வாய்ப்புத் திருவள்ளூர் மாவட்டத் திருவாலங்காடு போன்ற எல்லைப்புற ஊர்களில் எவ்வாறு அமையக்கூடும் என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கணையப் புற்றுநோய், வெப்பமண்டலக் கணைய அழற்சி, கணையக் கற்கள், புதிய நீரிழிவு, சி.டி. படம், மருத்துவ ஆவணம், திருவாலங்காடு.

1. முன்னுரை

தமிழக வரலாற்றாய்வில் திருவாலங்காடு என்னும் பெயர் முதலில் நினைவூட்டுவது செப்பேடுகளை. முதலாம் இராசேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டைச் சேர்ந்ததும், பழையனூரைத் திருவாலங்காட்டு இறைவனுக்குக் கொடையாக அளித்த செய்தியைக் கூறுவதுமான அத்தொகுதி 1905ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்டது. வளையத்தில் கோக்கப்பட்ட 31 ஏடுகளும் சிதறாமல் ஒருசேரக் கிடைத்தமையால் சோழர் மரபுவழியை ஒழுங்குபடுத்த அவை பெரிதும் உதவின. எழுதப்பட்ட காலத்தில் நிலக்கொடை ஆவணமாக மட்டும் இருந்த ஒன்று, பிற்காலத்தார் கேட்ட வேறு கேள்விகளுக்கும் விடை தந்தது. ஆவணம் எழுதப்பட்டதால் மட்டும் இது நிகழவில்லை; ஒருசேரப் பாதுகாக்கப்பட்டதாலும் நிகழ்ந்தது.

மருத்துவ வரலாற்றிலும் இதனை ஒத்த ஒரு நிகழ்வு உண்டு. வேறு நோய்க்காக எடுக்கப்பட்ட வயிற்றுப் படம், பிற்காலத்தில் அதே நோயாளிக்குக் கணையப் புற்றுநோய் உறுதியானபின் மீண்டும் எடுத்து நோக்கப்படுகிறது. முதன்முறை படித்தவர் கண்ணில் படாத ஒரு சிறு மாற்றம் அதில் இருந்தமை அப்போது தெரியவருகிறது. நோயறிதலுக்கு முந்தைய முன்குறிகள் பற்றிய இன்றைய அறிவு பெரும்பாலும் இத்தகைய மறுபார்வையில் பிறந்ததே. இவ்வறிவின் வரலாறு மேலைநாட்டு மருத்துவமனைகளோடு மட்டும் இணைத்துக் கூறப்படுவது வழக்கம். அதில் சென்னைக்கு உரிய இடத்தைச் சுட்டுவதும், அவ்வறிவு தமிழகச் சிற்றூர் ஒன்றுக்கு எவ்வாறு பொருந்தும் என்று பார்ப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்கள் ஆகும்.

2. கணையத்தின் அமைவிடமும் காலந்தாழ்ந்த நோயறிதலும்

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகக் கிடக்கும் உறுப்பு. கையால் தொட்டறிய இயலாத ஆழத்தில் அது உள்ளது. அதன் தலைப்பகுதியில் தோன்றும் கட்டி பித்தநாளத்தை அழுத்தி மஞ்சள் காமாலையை உண்டாக்கக்கூடும். உடல், வால் பகுதிகளில் தோன்றும் கட்டி நெடுங்காலம் எவ்வகைத் தொல்லையும் தராமல் வளரக்கூடும். முதுகுவலி, பசியின்மை, எடை குறைதல் ஆகியன தோன்றும்போது அறுவைக்குரிய காலம் பெரும்பாலும் கடந்திருக்கும். கட்டியை முழுமையாக அகற்றும் அறுவையே நோயை நீக்கும் வாய்ப்பைத் தருவதால், கண்டறியப்படும் காலமே நோயாளியின் வாழ்நாளைப் பெரிதும் முடிவுசெய்கிறது.

படமெடுக்கும் கருவிகளுக்கும் இவ்வுறுப்பு எளிதில் அகப்படவில்லை. சாதாரண எக்ஸ்-கதிர்ப் படத்தில் கணையத்தின் மென்திசு தனித்துத் தெரிவதில்லை. சுண்ணாம்புப் படிவு இருந்தால் மட்டுமே அதன் இருப்பிடம் புலப்படும். மீயொலிப் பரிசோதனையில் குடற்காற்று கணையத்தின் ஒரு பகுதியை மறைத்துவிடுவது உண்டு. 1971ஆம் ஆண்டு இங்கிலாந்தில் முதல் நோயாளிக்குப் பயன்படுத்தப்பட்டுப் பின்னர் வயிற்றுப் பகுதிக்கும் விரிவடைந்த சி.டி. கருவியே கணையத்தைக் குறுக்குவெட்டுத் தோற்றத்தில் தெளிவாகக் காட்டியது. ஆகவே கணையத்தைப் படத்தில் காணும் வரலாறு, கல்லைக் கண்ட காலம், திசுவைக் கண்ட காலம் என இரு கட்டங்களாக அமைகிறது. முதற்கட்டத்தில் தென்னிந்தியாவின் பங்கு பெரிது.

3. கல்லைக் கண்ட காலம்: 1937 முதல் 1992 வரை

1937ஆம் ஆண்டு எம்.ஜி. கினி, நாட்பட்ட கணைய அழற்சியோடு கணையத்தில் பல கற்கள் காணப்பட்ட நோயாளி ஒருவரைப் பற்றிப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். இந்தியாவிலிருந்து வெளிவந்த இத்தகைய குறிப்புகளுள் இது முன்னோடியானது. 1950களில் இந்தோனேசியாவில் பணியாற்றிய சூய்டெமா, ஊட்டக்குறைவுடைய ஏழை நோயாளிகளிடம் கணையச் சுண்ணாம்புப் படிவும் நீரிழிவும் சேர்ந்து காணப்படுவதை விவரித்தார். அதன்பின் கேரளத்தில் பி.ஜே. கீவர்கீஸ் மிகப் பெரிய நோயாளித் தொகுதிகளைத் திரட்டி, 1968ஆம் ஆண்டு கணைய நீரிழிவு குறித்துத் தனிநூலை வெளியிட்டார். இளம்பருவத்தில் அடிக்கடி வரும் வயிற்றுவலி, சில ஆண்டுகளில் நீரிழிவு, வாழ்வின் நடுப்பருவத்துக்கு முன்பே இறப்பு என்னும் வரிசை இந்நோயின் அடையாளமாக அறியப்பட்டது.

மது அருந்தாத இளையோரிடம் இந்நோய் ஏன் தோன்றுகிறது என்னும் வினாவுக்கு அக்காலத்தில் மரவள்ளிக்கிழங்கு ஒரு விடையாக முன்வைக்கப்பட்டது. கிழங்கிலுள்ள சயனைடு சார்ந்த பொருள்களும் புரதக் குறைவும் இணைந்து கணையத்தைக் கெடுக்கின்றன என்று 1979ஆம் ஆண்டு மக்மில்லனும் கீவர்கீசும் கருதினர். மரவள்ளி உண்ணாத பகுதிகளிலும் நோய் காணப்பட்டமையால் அக்கருத்து வலுவிழந்தது. 2002ஆம் ஆண்டளவில் ஸ்பிங்க்-1 என்னும் மரபணுவின் மாற்றம் இந்நோயாளிகள் பலரிடம் இருப்பது தெரியவந்தது. உலக நலவாழ்வு அமைப்பு 1985ஆம் ஆண்டு ஊட்டக்குறைவு சார்ந்த நீரிழிவின் ஒரு வகையாக இதனைச் சேர்த்திருந்தது. 1990களின் இறுதியில் அவ்வகைப்பாடு கைவிடப்பட்டு, கணைய நோய்களால் விளையும் நீரிழிவின்கீழ் இது வைக்கப்பட்டது.

சென்னையில் இந்நோய் பற்றிய ஆய்வு நீரிழிவு மருத்துவத்தின் வழியாக வளர்ந்தது. 1948ஆம் ஆண்டு ஸ்டான்லி மருத்துவமனையில் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவைத் தொடங்கினார். பின்னர் இராயபுரத்தில் அவர் நிறுவிய நீரிழிவு மருத்துவமனையும் ஆய்வு மையமும் ஒவ்வொரு நோயாளியையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்க்கும் இடங்களாயின. நீரிழிவோடு வரும் மெலிந்த இளையோரின் வயிற்றை எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துக் கல் உள்ளதா என்று பார்ப்பது அங்கு நடைமுறையாயிற்று. அவருடைய மகன் வி. மோகன், இரைப்பைக் குடலியல் அறிஞர் என். மதனகோபாலன், வி. ஜெயந்தி, சுரேஷ் சாரி ஆகியோர் இணைந்து வெளியிட்ட கட்டுரைகள் இத்தொடர்கண்காணிப்பின் பயன்களே.

அவற்றுள் 1992ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு கட்டுரை படவியல் நோக்கில் குறிப்பிடத்தக்கது. வெப்பமண்டலக் கணைய அழற்சியிலும் மதுவால் வரும் கணைய அழற்சியிலும் கற்கள் படத்தில் எவ்வாறு வேறுபட்டுத் தோன்றுகின்றன என்பதை அது ஒப்பிட்டது. முன்னதில் கற்கள் பெரியனவாகவும் அடர்த்தியாகவும் தெளிந்த விளிம்புடனும் இருந்தன. பின்னதில் சிறு புள்ளிகளாக, தெளிவற்ற விளிம்புடன் இருந்தன. படத்திலுள்ள ஒரு நிழல் 'உண்டு, இல்லை' என்று பதிவதோடு நில்லாது, அதன் வடிவத்திலிருந்து நோயின் வரலாற்றை ஊகிக்கலாம் என்பதை இவ்வொப்பீடு காட்டியது. பிற்காலத்தில் சி.டி. படத்தில் நாளத்தின் வடிவத்தைக் கொண்டு கட்டியை ஊகித்த முறையும் இதே வகையான வாசிப்பே.

4. கல்லிலிருந்து புற்றுக்கு: 1992 முதல் 1994 வரை

கணையத்தில் கல் உடையோரை நெடுங்காலம் தொடர்ந்தபோது வேறோர் உண்மை வெளிப்பட்டது. 1992ஆம் ஆண்டு கேரளத்தைச் சேர்ந்த பிலிப் அகஸ்டினும் எச். ரமேஷும் தாம் பார்த்த 266 வெப்பமண்டலக் கணைய அழற்சி நோயாளிகளுள் 22 பேருக்குப் புற்றுநோய் இருந்ததைத் தெரிவித்து, இவ்வழற்சி புற்றுக்கு முன்னோடியா என்னும் வினாவை எழுப்பினர். மருத்துவமனைக்கு வந்தோரை மட்டும் எண்ணிய கணக்கு ஆதலால், இடர் எத்தனை மடங்கு என்பதை அது நேராகச் சொல்ல இயலவில்லை.

அதனைச் சொல்ல முயன்றது 1994ஆம் ஆண்டு வெளியான சென்னை ஆய்வு. சாரி, மோகன், விசுவநாதன், மதனகோபாலன் ஆகியோரோடு நியூயார்க்கைச் சேர்ந்த பிச்சுமணியும் லோவன்ஃபெல்ஸும் இதில் பங்கேற்றனர். தொடர்கண்காணிப்பில் இருந்த 185 நோயாளிகளிடம் கணையப் புற்றுநோயால் நிகழ்ந்த இறப்பு, பொதுமக்களிடம் எதிர்பார்க்கத்தக்க அளவைக் காட்டிலும் ஏறத்தாழ 100 மடங்கு மிகுதி என்று அவ்வாய்வு கணித்தது. நம்பக எல்லை 37 முதல் 218 வரை அகன்றிருந்தது. புற்றுநோய் கண்டோர் எண்ணிக்கை ஒற்றை இலக்கமாக இருந்ததே இவ்வகலத்துக்குக் காரணம். ஆயினும் தாழ்ந்த எல்லையாகிய 37 மடங்கே மிகப் பெரிது. இதற்கு ஓராண்டு முன்னர் லோவன்ஃபெல்ஸ் தலைமையில் ஆறு நாடுகளைச் சேர்ந்த 2015 நாட்பட்ட கணைய அழற்சி நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, இருபது ஆண்டுகளில் புற்றுநோய் தோன்றும் திரள்விகிதம் 4 விழுக்காடு என்று கண்டிருந்தது. வெப்பமண்டல வகையில் இடர் மேலும் மிகுதி என்பதைச் சென்னை ஆய்வு இதனோடு சேர்த்தது.

இக்கண்டுபிடிப்பின் தன்மையை எண்ணிப் பார்த்தல் தகும். கல் புற்றுநோயின் நேரடிக் குறி அன்று. ஒருவருடைய படத்தில் கல் தெரிவதால் அவருக்குப் புற்று உள்ளது என்று ஆகாது. கல்லுடையோர் என்னும் குழுவைத் தேர்ந்து தொடர்ந்து பார்த்தால் புற்றுநோய் அங்கு மிகுதியாகத் தோன்றும் என்பதே இதன் பொருள். அஃதாவது, எக்ஸ்-கதிர்ப் படம் இங்கு நோயைக் காட்டவில்லை. யாரைக் கவனிக்க வேண்டும் என்பதைக் காட்டியது. இத்தேர்வுக் கொள்கையே அடுத்த கட்ட ஆய்வுகளின் அடிப்படையாயிற்று.

5. நீரிழிவு என்னும் தேர்வுக் கருவி

சுரேஷ் சாரி பின்னர் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து ராச்செஸ்டரில் உள்ள மேயோ கிளினிக்கில் பணியாற்றினார். சென்னையில் அவர் பார்த்த நோயில் கணையக் கேடு முன்வர, நீரிழிவு பின்வந்தது. ராச்செஸ்டரில் அவர் எழுப்பிய வினாவும் அதே வரிசையைச் சார்ந்தது: முதிய வயதில் புதிதாகத் தோன்றும் நீரிழிவு, கணையத்தில் மறைந்திருக்கும் கட்டியின் விளைவாக இருக்கக்கூடுமா?

இவ்வினாவுக்கு விடை காண அங்கு ஒரு வசதி இருந்தது. 1907ஆம் ஆண்டு ஹென்றி பிளம்மர் என்னும் மருத்துவர் மேயோ கிளினிக்கில், ஒரு நோயாளிக்கு ஓர் எண், ஒரே கோப்பு என்னும் பதிவு முறையை ஏற்படுத்தினார். 1966ஆம் ஆண்டு அப்பகுதி மருத்துவமனைகளின் பதிவுகளை இணைக்கும் நோய்ப்பரவல் திட்டமும் தொடங்கப்பட்டது. 2005ஆம் ஆண்டு சாரி குழுவினர், 50 வயதிலும் அதற்கு மேலும் புதிதாக நீரிழிவு கண்ட 2122 பேரின் பதிவுகளைப் பரிசீலித்தனர். அவர்களுள் 18 பேருக்கு, அஃதாவது 0.85 விழுக்காட்டினருக்கு, மூன்றாண்டுகளுக்குள் கணையப் புற்றுநோய் உறுதிசெய்யப்பட்டிருந்தது. எதிர்பார்க்கத்தக்க அளவைப்போல் இது ஏறத்தாழ எட்டு மடங்கு.

எட்டு மடங்கு என்பது பெரிதாகத் தோன்றினும், நூற்றுக்கு ஒருவரைக்கூடத் தொடாத விகிதம் இது. புதிய நீரிழிவுடையோர் அனைவருக்கும் சி.டி. எடுப்பது பயன்தராது. எனவே 2018ஆம் ஆண்டு அக்குழு ஒரு மதிப்பெண் முறையை வகுத்தது. நீரிழிவு தொடங்கிய வயது, முந்தைய ஓராண்டில் குருதிச் சர்க்கரை உயர்ந்த அளவு, அக்காலத்தில் எடையில் ஏற்பட்ட மாற்றம் ஆகிய மூன்றே அதன் கூறுகள். வழக்கமான இரண்டாம் வகை நீரிழிவில் எடை கூடுவது பொதுவானது. சர்க்கரை உயரும்போதே எடை குறைவது ஐயத்துக்குரியது. மதிப்பெண் 3 அல்லது அதற்கு மேல் பெற்றோரிடம் மூன்றாண்டுகளில் புற்றுநோய் கண்டோர் 3.6 விழுக்காடாக இருந்தனர். முந்தைய எடையும் முந்தைய சர்க்கரையும் எழுதிவைக்கப்படாத இடத்தில் இம்மதிப்பெண்ணைக் கணக்கிடவே இயலாது என்பது இங்குக் கருதத்தக்கது.

6. பழைய படங்களை மீளப் படித்தல்

தேர்வுக்கு அடுத்த படி, தேர்ந்தெடுக்கப்பட்டவரின் படத்தில் எதைத் தேடுவது என்பதாகும். 2004ஆம் ஆண்டு மேயோ கிளினிக்கின் கதிரியலாளர்களும் சாரியும் இணைந்து, கணையப் புற்றுநோய் உறுதியானவர்களுக்கு அதற்கு முன்னர் எடுக்கப்பட்டிருந்த சி.டி. படங்களை மீளப் படித்தனர். நோயறிதலுக்கு 2 முதல் 18 மாதங்களுக்கு முன் எடுக்கப்பட்ட படங்களில் பாதியளவில் ஐயத்துக்குரிய அல்லது உறுதியான மாற்றங்கள் இருந்தன. 18 மாதங்களுக்கும் முந்தைய படங்களிலோ 7 விழுக்காட்டிலேயே அவை காணப்பட்டன. அடுத்து 2007ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு, நோய்க்குறி தோன்றாத அம்முன்நிலையில் கட்டிகள் பெரும்பாலும் அறுவைக்குரியனவாக இருந்தமையைச் சுட்டியது.

அப்படங்களில் தெரிந்த மாற்றங்களுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று, கணைய நாளம் இயல்பைவிட விரிந்திருத்தல். மற்றொன்று, விரிந்த நாளம் ஓரிடத்தில் திடீரென முறிந்து நின்றுவிடுதல். ஓடும் வாய்க்காலில் மடை அடைபட்டால் மேற்புறத்தில் நீர் தேங்கிக் கரை அகல்வதைப்போல, கண்ணுக்குத் தெரியாத சிறு கட்டி நாளத்தை அடைக்க, அதற்கு மேற்பட்ட பகுதி விரிகிறது. கட்டி தெரியாவிடினும் தேக்கம் தெரிகிறது. அடைப்புக்கு மேற்பட்ட திசு காலப்போக்கில் மெலிந்து சுருங்குதல், திசுவின் ஒரு பகுதி சுற்றுப்புறத்தைவிட அடர்த்தி குன்றித் தோன்றுதல், பித்தநாளமும் கணைய நாளமும் ஒருங்கே விரிதல் ஆகியவை ஏனைய குறிகள்.

ஜப்பானிய ஆய்வுகள் இதனை முன்னோக்கிய முறையில் உறுதிசெய்தன. ஒசாகாவில் தனகா குழுவினர் 2010ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், மீயொலிப் படத்தில் கணைய நாளம் 2.5 மில்லிமீட்டர் அளவில் சற்றே விரிந்திருப்பதும் சிறு நீர்ப்பைகள் இருப்பதும் பிற்காலப் புற்றுநோய்க்கு முன்குறிகளாக அமைந்தன. ஹிரோஷிமா மாகாணத்து ஓனோமிச்சி நகரில் 2007ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் திட்டம் இவ்வறிவைச் சிறு மருத்துவகங்களுக்குக் கொண்டு சென்றது. குடும்ப வரலாறு, புதிய நீரிழிவு, நாட்பட்ட கணைய அழற்சி முதலிய இடர்களுடையோரை ஊர் மருத்துவர் தேர்ந்து மீயொலிப் பரிசோதனை செய்கிறார். நாள விரிவோ நீர்ப்பையோ தெரிந்தால் பொது மருத்துவமனைக்கு அனுப்புகிறார். விலையுயர்ந்த கருவியால் அன்றி, இருவகை மருத்துவர்களுக்கிடையே ஏற்பட்ட ஒழுங்கான தொடர்பால் நடப்பது இத்திட்டம்.

அண்மைக்காலத்தில் கணினி வழிக் கற்றல் முறைகள் இத்துறையில் புகுந்துள்ளன. 2022ஆம் ஆண்டு மேயோ கிளினிக் குழுவினர், நோயறிதலுக்கு இடைநிலை அளவில் 398 நாள்களுக்கு முன் எடுக்கப்பட்ட 155 பேரின் சி.டி. படங்களைக் கொண்டு, கட்டி கண்ணுக்குத் தெரியாத நிலையிலும் திசுவின் நுண்ணமைப்பிலுள்ள வேறுபாட்டைக் கணினி பிரித்தறிவதைக் காட்டினர். 2023ஆம் ஆண்டு சீன ஆய்வாளர்கள், நிறமருந்து செலுத்தாமல் எடுக்கப்படும் எளிய சி.டி. படத்திலேயே கணையக் கட்டிகளை அறியும் முறையை வெளியிட்டனர். பல மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான படங்கள் ஒழுங்காகச் சேமிக்கப்பட்டிருந்தமையே இவ்விரு முறைகளுக்கும் அடிப்படை.

7. தென்னிந்தியச் சூழலில் குறிகளின் பொருத்தம்

மேற்கண்ட குறிகளை அப்படியே தமிழகத்துக்குப் பொருத்துவதில் மூன்று இடர்ப்பாடுகள் உள்ளன.

முதலாவது, கல்லே குறியை மறைத்தல். வெப்பமண்டலக் கணைய அழற்சி உடையவரின் நாளம் புற்றுநோய் இல்லாமலேயே விரிந்திருக்கும், திசு மெலிந்திருக்கும், கற்களின் அடர்ந்த நிழல் சிறு கட்டியை மறைக்கும். ராச்செஸ்டரில் எச்சரிக்கையாக அமையும் அதே நாள விரிவு, இவரிடம் பல்லாண்டு இயல்பாக இருந்திருக்கும். மிகுந்த இடருடைய இக்குழுவிடம், ஒரு படத்தை மட்டும் கொண்டு எதையும் சொல்ல இயலாது. சென்ற ஆண்டுப் படத்தில் இல்லாத ஒரு முறிவு, இடம் பெயர்ந்த ஒரு கல், புதிதாகத் தோன்றிய ஓர் அடர்த்திக் குறைவு ஆகிய மாற்றங்களே குறிகளாகும். முந்தைய படம் இல்லையேல் இவர்களுக்கு முன்குறியே இல்லை எனலாம்.

இரண்டாவது, நீரிழிவின் பரவல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நீரிழிவுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் வயதுவந்தோரிடம் நீரிழிவு 2011ஆம் ஆண்டு வெளியான முடிவில் 10.4 விழுக்காடாகவும் 2023ஆம் ஆண்டு வெளியான முடிவில் 14.4 விழுக்காடாகவும் இருந்தது. மறுபுறம், இந்தியாவில் கணையப் புற்றுநோயின் நிகழ்வு மேலைநாடுகளைவிடக் குறைவு. ஆண்களிடம் ஆண்டுக்கு இலட்சத்துக்கு 0.5 முதல் 2.4 வரை என்று பதிவேட்டு ஆய்வுகள் கூறியுள்ளன. நீரிழிவு மிகுந்தும் புற்றுநோய் குறைந்தும் உள்ள இடத்தில், புதிய நீரிழிவு என்னும் தேர்வுக் கருவியின் கூர்மை மழுங்கும். அமெரிக்காவிலேயே, இடர் மிகாத பொதுமக்களுக்கு இந்நோய்க்கான பரிசோதனை வேண்டா என்று 2019ஆம் ஆண்டு அந்நாட்டுத் தடுப்புச் சேவை வல்லுநர் குழு மீண்டும் உறுதிசெய்தது. தேவையற்ற படங்களால் தவறான ஐயங்களும், அவற்றால் வீண் அறுவைகளும் விளையக்கூடும் என்பதே காரணம்.

மூன்றாவது, நோயின் முகம் மாறிவருதல். சென்னையில் மோகன் மையத்துக்கு வந்த நீரிழிவு நோயாளிகளுள் கல்லோடு கூடிய கணைய நீரிழிவு உடையோர் 1991-1995 காலத்தில் 1.6 விழுக்காடாக இருந்து, 2006-2010 காலத்தில் 0.2 விழுக்காடாகக் குறைந்தனர். எனவே பழைய நோய் அருகிவருகிறது. அதனால் அந்நோயை அறிந்த மருத்துவரின் பயிற்சியும் அருகக்கூடும். மெலிந்த இளைஞனின் நீரிழிவைக் கண்டவுடன் வயிற்றுப் படம் எடுக்கும் பழக்கம் மறைந்தால், எஞ்சியிருக்கும் மிகு இடருடையோர் கவனத்திலிருந்து விடுபடுவர்.

8. திருவாலங்காடும் முந்தைய படமும்

திருவள்ளூர் மாவட்டத்தில் திருத்தணியை அடுத்துள்ள திருவாலங்காடு ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். சென்னை-அரக்கோணம் இருப்புப்பாதையில் அப்பெயர் கொண்ட நிலையம் உள்ளது. திருத்தணிப் பகுதி 1960ஆம் ஆண்டு ஏற்பட்ட எல்லை மாற்றத்தில் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லை மாறினும் மக்களின் போக்குவரத்து இருபுறமும் தொடர்கிறது. இப்பகுதி நோயாளி ஒருவருக்குத் திருத்தணியும் திருவள்ளூரும் அருகில். சென்னை, வேலூர், திருப்பதி ஆகிய மூன்று பெரிய மருத்துவ நகரங்களும் ஒருநாள் பயணத்துக்குள். மருத்துவ வசதி என்னும் நோக்கில் இது நல்வாய்ப்பு. ஆவணம் என்னும் நோக்கில் இதுவே இடர்: ஒருவருடைய படங்கள் மூன்று நகரங்களில், இரு மாநிலங்களில், ஒன்றையொன்று அறியாமல் சிதறக்கூடும்.

இந்தியாவில் படச்சுருளையும் அறிக்கையையும் நோயாளியிடமே கொடுத்தனுப்புவது பரவலான வழக்கம். ஆகவே ராச்செஸ்டரில் மருத்துவமனைக் கோப்பு செய்யும் வேலையை, இங்கு வீட்டுப் பரணிலும் பெட்டியிலும் உள்ள உறை செய்கிறது. நீரிழிவுப் பிரிவுக்கு வரும் ஒருவர் மூன்றாண்டுக்கு முன் சிறுநீரகக் கல்லுக்காக எடுத்த சி.டி. படம் அவ்வுறையில் இருக்கக்கூடும். அதில் அவருடைய கணையமும் பதிந்திருக்கும். அதனைக் கேட்டு வாங்கிப் புதிய படத்தோடு ஒப்பிடுவதற்குக் கூடுதல் கருவியும் செலவும் வேண்டியதில்லை.

தேர்வுக்குரிய தரவும் அருகிலேயே உருவாகிவருகிறது. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் களப்பணியாளர்கள் வீடுகளுக்குச் சென்று நீரிழிவையும் குருதியழுத்தத்தையும் பார்க்கின்றனர். சர்க்கரை அளவோடு உடல் எடையும் ஒவ்வொரு முறையும் எழுதப்பட்டு ஆண்டுதோறும் ஒப்பிடப்பட்டால், 50 வயதுக்கு மேல் நீரிழிவு தோன்றி எடையும் குறைபவர் தனித்துத் தெரிவார். அத்தகையோர் ஓர் ஒன்றியத்தில் மிகச் சிலராகவே இருப்பர். அவர்களுக்கும் கணையக் கல் உடையோருக்கும் மட்டும் மாவட்ட அளவில் படமெடுத்தல், ஓனோமிச்சி முறையை ஒத்த, எட்டக்கூடிய ஏற்பாடாகும். அதன் பயனை அளக்கவும் வழியுண்டு. 1982ஆம் ஆண்டு முதல் சென்னையில் புற்றுநோய்ப் பதிவேட்டை நடத்திவரும் அடையாறு புற்றுநோய் நிலையம், 2012ஆம் ஆண்டு முதல் மாநிலம் முழுவதற்குமான பதிவேட்டுத் திட்டத்தையும் மேற்கொண்டுள்ளது. புற்றுநோய் உறுதியானவரின் பெயரிலிருந்து பின்னோக்கிச் சென்று அவருடைய முந்தைய சர்க்கரை, எடை, படம் ஆகியவற்றைத் தொகுத்தால், தமிழகத்துக்குரிய முன்குறிகளைத் தமிழகத் தரவிலிருந்தே வகுக்க இயலும்.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

கணையப் புற்றுநோயின் முன்குறி பற்றிய வரலாற்றில் தென்னிந்தியா நோயாளிகளை வழங்கிய களமாக மட்டும் இருக்கவில்லை. படத்தைக் கொண்டு மிகு இடருடைய குழுவைத் தேர்ந்து தொடர்ந்து பார்த்தல் என்னும் முறை, சென்னை நீரிழிவு ஆய்வு மரபில் 1994ஆம் ஆண்டளவிலேயே செயல்வடிவம் பெற்றிருந்தது.

அம்முறை ராச்செஸ்டரில் மேலும் வளர்ந்தமைக்குச் சிறந்த கருவிகள் மட்டும் காரணம் அல்ல. நூற்றாண்டு பழைமையுடைய ஒருங்கிணைந்த பதிவு முறையே முதன்மைக் காரணம். பழைய படம் கிடைத்ததால்தான் முன்குறி என ஒன்று உண்டு என்பதே அறியப்பட்டது.

நாள விரிவு, நாள முறிவு, திசு மெலிவு ஆகிய குறிகள் கணையக் கல் உடைய தென்னிந்திய நோயாளியிடம் தனித்துப் பொருள் தருவதில்லை. அவரிடம் மாற்றமே குறி. மாற்றத்தைக் காண முந்தைய படம் இன்றியமையாதது.

நீரிழிவு மிகுந்த தமிழகத்தில் அனைவருக்கும் படமெடுத்தல் பொருந்தாது. எடைக்குறைவோடு முதுமையில் தோன்றும் புதிய நீரிழிவு, கணையக் கல் ஆகிய இரண்டும் உள்ளூர் அளவில் தேர்வுக்கு ஏற்ற அளவுகோல்களாகும்.

பல நகரங்களுக்கு இடையே அமைந்த திருவாலங்காடு போன்ற ஊர்களில், நோயாளியின் கையிலுள்ள படங்களையும் களப்பணியாளரின் எடைப் பதிவையும் ஒருங்கு சேர்ப்பதே முதற்பணி. ஏடுகள் ஒரே வளையத்தில் கோக்கப்பட்டிருந்தமையால் பயன்பட்ட வரலாறு அவ்வூருக்கு உண்டு. நோயாளியின் ஏடுகளுக்கும் அத்தகைய வளையம் ஒன்று தேவைப்படுகிறது.